மூடிய குழாயில் ஓடும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, ஆனாலும் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, என்ன செய்யலாம்? நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சமவெளி வீட்டுக்குச் சொல்கிற பதில், சரிவை வெட்டிக் கட்டிய வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

கேள்வி: ஐயா, பெட்ஃபோர்டு பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பாத்ரூம் சுவருக்குள் 'சர்ர்' என்று ஒரே சீராகத் தண்ணீர் ஓடுகிறது. பகலில் கேட்பதில்லை. சுவரில் ஈரமும் இல்லை. ஒரு பிளம்பர் டைல்ஸை உடைத்துத்தான் பார்க்கணும் என்கிறார். இன்னொருவர் அது பக்கத்து வீட்டு லைன், கண்டுக்காதீங்க என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- குன்னூர் வாசகி

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். சத்தம் வருகிற இடத்தில்தான் ஒழுகுகிறது என்று நம்பி வீணாக உடைத்த டைல்ஸை எல்லாம் வரிசையாக அடுக்கினால் சிம்ஸ் பார்க் வரைக்கும் போகும்.

பழைய வீடு என்பதால் சுவருக்குள் இருப்பது அனேகமாக ஜி.ஐ. பைப். இரும்பு சத்தத்தை வெகுதூரம் கடத்தும். சமையலறைக்குப் பின்னால் ஒழுகுவது, பாத்ரூம் சுவரில் காதை வைத்தால் அங்கேயே ஒழுகுவதாகத்தான் தோன்றும். பிளாஸ்டிக் பைப் அப்படியில்லை, சத்தத்தை விழுங்கிவிடும். அதில் நன்றாகக் கேட்கிறது என்றால் இடம் கிட்டத்தில்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால் நம் ஊர்ப் பழைய வீடுகளில் பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு சொந்தக்காரர் காலத்திலும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பார்கள், சத்தம் இரும்பு முடிகிற இடம் வரைக்கும் வந்து நின்றுவிடும், பார்க்கிறவர் அங்கேதான் ஓட்டை என்று உளியை எடுப்பார்.

அதனால் எங்கே என்கிற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எப்போது கேட்கிறது, எதை மூடினால் நிற்கிறது, இந்த இரண்டை மட்டும் முதலில் பாருங்கள்.

எப்போது என்பதற்கு ஒரு காலண்டர் போதும். ராத்திரியில் கேட்பதற்கு அமைதி மட்டும் காரணமில்லை. ஊரில் எல்லோரும் குழாயை மூடியதும் நகராட்சி லைனில் அழுத்தம் ஏறும், அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் இன்னும் வேகமாகப் பீய்ச்சும். மேல்தொட்டியிலிருந்து இறங்குகிற லைனில் இந்த வித்தியாசம் கிடையாது. அங்கே அழுத்தம் என்பது தொட்டியின் உயரம்தான், ராத்திரியானால் அது மாறாது. ரேலியா அணைத் தண்ணீர் நமக்கு எல்லா நாளும் வருவதில்லை என்பது இதற்குள் உங்களுக்கே பழகியிருக்கும். தண்ணீர் விட்ட நாளையும் சத்தம் கேட்ட ராத்திரியையும் காலண்டரில் குறித்துவாருங்கள். தண்ணீர் விட்ட ராத்திரிகளில் மட்டும் கேட்டால் சந்தேகம் நேரடி லைன் மேல். எல்லா ராத்திரியும் கேட்டால் தொட்டி லைன் மேல். ஒரு எச்சரிக்கை, தண்ணீர் விட்ட நாளில் சம்ப் நிரம்புகிற சத்தமும் இதே 'சர்ர்'தான், அதைக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது. சம்ப் நிரம்பி, மிதவை ஏறி, பால் வால்வு மூடிய பிறகும் கேட்கிறதா என்று பாருங்கள். மூடாமல் மெலிதாக விட்டுக்கொண்டே இருந்தால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது சுலபமான வேலை, செலவும் அதிகமில்லை.

அடுத்தது வால்வுகள். வீட்டுக்குள் லைன் நுழையும் இடத்தில் ஒரு கேட் வால்வு இருக்கும், மேல்தொட்டிக்கு அடியில் இன்னொன்று. சத்தம் கேட்கும்போதே ஒருவர் பாத்ரூமில் நிற்க, இன்னொருவர் போய் ஒவ்வொன்றாக மூட வேண்டும். ஒன்றை மூடி, இரண்டு நிமிஷம் கேட்டு, திறந்துவிட்டு, அப்புறம் அடுத்தது. எதை மூடியதும் சத்தம் நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பல வருஷம் தொடாத கேட் வால்வை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தண்டிலிருந்து கழன்றிருந்தால் கைப்பிடி மட்டும் சுற்றும், வால்வு மூடாது, நீங்கள் மூடியாச்சு என்று நினைத்துக்கொண்டு தப்பான முடிவுக்கு வருவீர்கள். மூடிய பிறகு அந்த லைனில் உள்ள ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காதைக் கொடுக்கணும்.

சத்தம் பாத்ரூமில் என்பதால் ஃப்ளஷ் டேங்கையும் சந்தேகப்படுங்கள். வீட்டில் ஆளில்லாமலே ஓடுகிற தண்ணீரில் நிறைய இதன் வழியாகத்தான் போகிறது, கோப்பையின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இறங்கும். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகையைக் கரைத்து ஃப்ளஷ் டேங்கில் ஊற்றி, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. நிறம் இறங்காமல், டேங்கின் நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய்க்குள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கணும். இரண்டும் இல்லையென்றால் ஃப்ளஷ் டேங்கை விட்டுவிடலாம்.

எவ்வளவு போகிறது என்று தெரிந்தால் அவசரமா இல்லையா என்பதும் தெரியும். மீட்டர் இருந்தால் அதன் முகத்தில் ஒரு குட்டிச் சக்கரமோ முக்கோணமோ இருக்கும், எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அது மெல்லச் சுற்றினால் மீட்டருக்கு இந்தப் பக்கம் கசிவு. தண்ணீர் விட ஆரம்பிக்கிற முதல் சில நிமிஷங்களில் பார்க்காதீர்கள், அப்போது வருவது காற்று, அதற்கும் மீட்டர் சுற்றும். தொட்டி லைன் என்றால் மீட்டர் உதவாது. படுக்கப் போகும்போது தொட்டியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, காலையில் முதல் ஆள் குழாயைத் தொடும் முன் பாருங்கள். 1,000 லிட்டர் உருளைத் தொட்டியின் குறுக்களவு சுமார் 1.1 மீட்டர் என்றால் 1 செ.மீ. இறங்கியதற்கு 9 முதல் 10 லிட்டர் கணக்கு. நிமிஷத்துக்கு 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர் போனால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் இடம் தேடுவது. ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாய் வெளியே தெரிகிற இடங்களில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொள்ளுங்கள். குழாய், ஆங்கிள் காக், வாஷ்பேசின் அடி, தோட்டத்துக் குழாய் என்று ஒவ்வொன்றாகப் போனால் ஓர் இடத்தில் சத்தம் கூர்மையாக, உச்சஸ்தாயியில் கேட்கும். கசிவுக்குக் கிட்டத்தில் அது சீறலாக இருக்கும், தூரம் போகப் போக மந்தமான இரைச்சலாகிவிடும். இரண்டு பக்கமும் தேய்ந்து நடுவில் கூர்மையாக இருக்கிற இடத்தை மட்டும் உடைக்கச் சொல்லுங்கள், அதுவும் முதலில் ஒரே ஒரு டைல்ஸ்.

சுவரில் ஈரம் இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். குழாய் தரைக்கு அடியில் போனால் தண்ணீர் சுவர் ஏறாது, சரிவைப் பார்த்துக் கீழே போய்விடும். உங்களுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் அவர் வீட்டுப் பின்சுவர் கோடையிலும் ஓதம் காத்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வீட்டுக் கசிவு அவர் வீட்டில் தெரிவது மலையில் சாதாரணம்.

எல்லா வால்வையும் மூடியும் சத்தம் நிற்கவில்லை என்றால், அந்த இரண்டாவது பிளம்பர் சொன்னது சரி. பக்கத்து வீட்டு லைனோ, தெருவில் போகும் பெரிய லைனோ உங்கள் சுவரை ஒட்டிப் போகிறது. அப்போதும் கண்டுக்காமல் விடுவது சரியில்லை, அது உங்கள் அஸ்திவாரத்தை நனைக்கிறது. நகராட்சியில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கசிவு உங்கள் ஜி.ஐ. பைப்பில்தான் என்று முடிவானால், ஒட்டுப்போடுவதைவிட அந்த லைனையே கைவிட்டு, சுவருக்கு வெளியே தெரிகிற மாதிரி சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மலைத் தண்ணீரில் உப்பு குறைவு. கெய்சருக்கு அது நல்லது, இரும்புக் குழாய்க்கு நல்லதில்லை. சமவெளியில் உப்பு படிந்து குழாயின் உட்புறத்தை ஓரளவு காப்பாற்றும், இங்கே அந்தப் படிவு இல்லாமல் துத்தநாகப் பூச்சு கரைந்து இரும்பு துருப்பிடிக்கிறது. ஓர் எல்போ ஓட்டையாகிவிட்டது என்றால் அதே வயதுடைய மற்ற எல்போக்களும் பின்னாலேயே வரும். சுவருக்கு வெளியே குழாய் ஓடினால் பார்க்க அழகாக இருக்காது, சரிதான். ஆனால் அடுத்த தடவை சத்தம் கேட்டால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ஹால் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கி, மழை விட்டும் சில வாரம் கேட்கிறது. தை பிறந்தால் நின்றுவிடுகிறது. தொட்டி மட்டம் இறங்கவில்லை, எல்லா வால்வையும் மூடிப் பார்த்துவிட்டேன். பிளம்பர் கையை விரித்துவிட்டார்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

பதில்: ஆசிரியர் என்பது தெரிகிறது சார், பாதிப் பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். இது குழாயில் ஓடும் தண்ணீர் இல்லை, மலையில் ஓடும் தண்ணீர்.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் என்றால் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குதான் முக்கியம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் இறங்க முடியாமல் சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் வருகிறது. நடுவில் வீட்டுக்காக வெட்டிய இடம் வந்தால் அங்கே வெளியே வரப் பார்க்கும். மழை விட்டும் சில வாரம் ஓடுவது இதனால்தான், மேலே மண் குடித்து வைத்திருப்பது மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஊரில் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், உங்கள் மனையில் முன்பு சின்ன ஓடையோ ஊற்றோ இருந்து, மண்ணடித்து மூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. மூடியவர்கள் போய்விட்டார்கள், ஓடை போகாது.

ஊர்க் குழாய் உடைந்து வருகிறதோ என்கிற சந்தேகம் மிச்சமிருந்தால், உங்கள் மனையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் வெளியேறும் இடத்தில் கொஞ்சம் பிடித்து குளோரோஸ்கோப்பில் சோதிக்கலாம். உள்ளாட்சி ஊழியர்கள் கையில் வைத்திருப்பார்களே, சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் அந்தச் சின்னப் பெட்டி. குடிநீர்க் குழாயின் கடைசியில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. மஞ்சள் வந்தால் குழாய்த் தண்ணீர் என்று உறுதி. வராவிட்டால் மலைத் தண்ணீர் என்று உடனே முடிவுகட்ட முடியாது, மண்ணுக்குள் கொஞ்ச தூரம் வந்தாலே குளோரின் போய்விடும். ஆனால் உங்கள் விஷயத்தில் தை மாதமே சாட்சி சொல்கிறது.

செய்ய வேண்டியது என்ன? அடைக்காதீர்கள், வழிவிடுங்கள். தரையை உடைத்து சிமெண்ட் போட்டு அடைத்தால் அந்தத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கும், தேங்கினால் தள்ளும். வீட்டுக்கு மேல்பக்கம், தடுப்புச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில், அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போகாமல் ஒரு வாய்க்கால் வெட்டி, அடியில் துளையிட்ட குழாய் வைத்து, ஜல்லியால் நிரப்பி, தண்ணீரை வீட்டைச் சுற்றி இரண்டு பக்கமும் கொண்டுபோய் ஊர் வடிகாலில் விடணும். கீழ்வீட்டுக்காரர் தலையில் விடக் கூடாது, இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தடுப்புச் சுவரில் விட்டிருக்கும் துளைகளில் செடி முளைத்து அடைத்திருக்கும், மழைக்கு முன்பே ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் பண்ணுங்கள். துளையே இல்லாத தடுப்புச் சுவர் நீலகிரியில் எத்தனை நிற்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சத்தம் அதே அளவில் இருக்கும்வரை பயமில்லை. ஆனால் சில அறிகுறிகளைப் பார்த்தால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வழக்கமாகத் தெளிவாக வரும் தண்ணீர் திடீரென்று சேறாக வருவது, மழை கொட்டும்போதே ஓட்டம் சட்டென்று நின்றுபோவது, நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு இறுகுவது, தரையிலோ மேல்பக்கத்து மண்ணிலோ புது விரிசல், தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்பது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து கேத்தி, குன்னூர், கோத்தகிரி வட்டாரம் பட்டதை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அப்படி எதையாவது பார்த்தால் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டு, அப்புறம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஊட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கெய்சரை அணைத்த பிறகு சுவருக்குள் டிக் டிக் என்று சத்தம். போட்டிருக்கும்போது அதன் அடியில் உள்ள சின்ன வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஹவுஸ் ஓனர் எம்சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார்.
- ஊட்டி வாசகர்

பதில்: அவரைத் தடுத்து நிறுத்துங்கள், இன்றைக்கே. அது பாதுகாப்பு வால்வு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடுவதற்காகவே வைத்தது. அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் கைவிட்டால் கெய்சர் வெடிக்கும், இது பயமுறுத்தலுக்குச் சொல்வதில்லை.

சொட்டுவதற்குக் காரணம் எளிமையானது. ஊட்டிக் குளிரில் 12 டிகிரியில் உள்ளே போகிற தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 1.7 சதவீதம் விரியும். 15 லிட்டர் கெய்சரில் அது கால் லிட்டர். உள்ளே வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அந்தக் கால் லிட்டர் திரும்பிப் போக முடியாமல் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டுகிறது. ஒரு சின்ன ட்யூபை மாட்டி வாளியிலோ வடிகாலிலோ விட்டுவிடுங்கள். கெய்சர் அணைந்து ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால்தான் கோளாறு, வால்வில் மண் மாட்டியிருக்கும் அல்லது லைனில் அழுத்தம் அதிகம்.

டிக் டிக் என்பது சூடான குழாய் ஆறிச் சுருங்கும்போது கிளாம்ப்பிலும் சுவரிலும் உரசுவது. மெதுவாகி மெதுவாகித் தானே நின்றுவிடும். தண்ணீர் சொட்டுகிற சத்தம் அப்படி நிற்காது. அதுதான் வித்தியாசம்.

கேள்வி: கொடைக்கானலில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புகிறோம். மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. கெஸ்ட் யாரும் இல்லாத நாளிலும் காலையில் தொட்டி பாதிதான் இருக்கிறது.
- கொடைக்கானல் வாசகர்

பதில்: தொட்டியில் கோடு போட்டதோடு சம்ப்பிலும் ஒரு கோடு போடுங்கள். தொட்டியில் இறங்கிய அளவு சம்ப்பில் ஏறியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், போன வழியிலேயே தண்ணீர் திரும்பி வருகிறது.

மோட்டாரை நிறுத்தியதும் ஓரிரு நிமிஷம் மட்டும் சத்தம் கேட்டால், மேலே ஏறும் குழாயில் நின்ற தண்ணீர் மட்டும் வடிகிறது. சம்ப்புக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை, அடுத்த தடவை மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு திணறும். உங்களுக்குப் பாதித் தொட்டியே காலியாகிறது என்றால் இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கணும். தொட்டிக்குள் வந்து விழும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். சத்தம் கேட்காமல் நிரம்பட்டும் என்று சிலர் குழாயை அடிவரைக்கும் நீட்டிவிடுவார்கள். அப்படி நீட்டினால், கீழே வால்வு பிடிக்காதபோது அந்தக் குழாயே சைஃபனாகி, வாய் காற்றில் தெரியும்வரை தண்ணீரை உறிஞ்சிக் கீழே விடும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்து நிற்கிறதா பாருங்கள், நின்றால் குழாயின் வாய் அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. வாயை நிரம்பும் மட்டத்துக்கு மேலே வெட்டிவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு நல்ல நான்-ரிட்டர்ன் வால்வையும் போட்டுவிடுங்கள்.

சம்ப்பில் ஏறவில்லை என்றால் அறை அறையாகப் போகணும். முதல் வாசகிக்குச் சொன்ன கேசரிப் பவுடர் சோதனையை எல்லா டாய்லெட்டிலும் ஒரே நேரத்தில் செய்துவிடுங்கள். அடுத்தது ஹோம்ஸ்டேக்களுக்கே உரிய ஒரு விஷயம். சில பாத்ரூம்களில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் மிக்சரிலிருந்து கை ஷவர் எடுத்து, அதன் முனையில் ஒரு விசை வைத்திருப்பார்கள். குளித்தவர் முனை விசையை மட்டும் மூடிவிட்டு மிக்சரின் இரண்டு திருகையும் திறந்தபடி விட்டுவிட்டுப் போனால், வெளியே ஒரு சொட்டு வராது, ஆனால் உள்ளே அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சோலார் ஹீட்டர் என்றால் அது மொட்டைமாடி வரைக்கும் ஏறி, காற்றுக் குழாய் வழியாக வழியும். மழைநாளில் யார் கவனிப்பார்கள்? அறை காலியானதும் மிக்சரை மூடச் சொல்லி வேலையாட்களுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: கேத்திக்கு மேலே எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மலை ஊற்றிலிருந்து கருப்பு ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கிறோம். குழாயை மூடினால் 'டம்' என்று அடிக்கிறது. சில நேரம் களக் களக் என்று சத்தம். மூடிய குழாயிலும் மெல்லிய சீறல்.
- தேயிலை விவசாயி

பதில்: ஊற்று உங்கள் வீட்டைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதவில்லை. 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்று 60 மீட்டர் மேலே என்றால், எல்லாக் குழாயையும் மூடியிருக்கும்போது கீழே 6 கிலோ நிற்கும். வீட்டுக் குழாய்க்கு 2, 3 கிலோவே தாராளம். ஓஸின் மேல் பி.என். 6 என்று அச்சடித்திருந்தால் அது 6 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டிய குழாய் இல்லை, டம் என்று அடிக்கும் அந்தக் கணத்தில் அழுத்தம் அதையும் தாண்டிப் போகும். கால் திருப்பில் பட்டென்று மூடும் புதுவகைக் குழாய்களில் இது இன்னும் மோசம், ஓடிவரும் தண்ணீரை அத்தனை சடாரென்று நிறுத்தினால் அது எங்காவது மோதத்தான் செய்யும். சீறலும் இதனால்தான், வாஷரால் அத்தனை அழுத்தத்தைப் பிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு மேலே 15, 20 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, ஊற்றுத் தண்ணீர் அதில் மிதவை வால்வு வழியாக விழுந்து, அதிலிருந்து வீட்டுக்கு இறங்கும்படி செய்யுங்கள். அழுத்தம் அங்கே உடைந்துவிடும். அந்த மிதவை வால்வு மூடும்போது மேலிருந்து வரும் ஓஸில் அழுத்தம் ஏறும் என்பதால், ஊற்று மிக உயரத்தில் இருந்தால் மிதவை வைக்காமல் மிச்சத் தண்ணீரை வழியவிட்டு ஓடைக்கே திருப்பிவிடலாம். தொட்டிக்குக் கனமான மூடி போட்டு, மேலே கல் வையுங்கள், குரங்குகளுக்கு மூடி திறக்கத் தெரியும்.

களக் களக் என்பது காற்று. ஓஸ் மேடேறி இறங்குகிற இடங்களில் மேட்டின் உச்சியில் காற்று தங்கும். அந்த இடத்தில் 'T' வடிவ இணைப்பு ஒன்றை வைத்துச் சின்னக் குழாய் பொருத்தி, அவ்வப்போது திறந்து காற்றை விடலாம். ஒருதடவை லைன் நெடுக நடந்து பார்த்துவிடுங்கள், காட்டெருமை மிதித்து நசுங்கிய இடம் ஏதாவது இருந்தால் அங்கேயும் சீறல் கேட்கும். காலை வேளையில் போகாதீர்கள், மிதித்த ஆள் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கலாம். மார்கழி, தையில் பனி உறையும் பள்ளமான இடங்களில் ஓஸை மண்ணுக்குள் ஒரு முழமாவது புதைத்துவிடுங்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், இணைப்புகள்தான் முதலில் விடும்.

கேள்வி: எனக்கு மட்டும் ராத்திரி தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் உனக்குப் பிரமை என்கிறார். சமையலறைப் பக்கம்தான் கேட்கிறது, விட்டுவிட்டு வருகிறது. வால்வையெல்லாம் மூடியும் நிற்கவில்லை.
- அருவங்காடு வாசகி

பதில்: ஃப்ரிட்ஜை அணைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் நின்றதும் உள்ளே இருக்கும் குளிரூட்டும் திரவம் குழாயில் ஓடி அடங்குவது, தண்ணீர் சலசலப்பதாகவே காதில் விழும். விட்டுவிட்டு வருவதும் சமையலறைப் பக்கம் என்பதும் அதற்குத்தான் பொருந்துகிறது. அது கோளாறு இல்லை, எல்லா ஃப்ரிட்ஜும் செய்வதுதான். அணைத்தும் கேட்டால் போனில் பதிவு செய்து பகலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள். பதிவில் இருந்தால் சத்தம் வீட்டில் இருக்கிறது, மேலே சொன்ன வரிசையில் தேடலாம். பதிவில் இல்லாமல், வீட்டை விட்டு வெளியே போனாலும் உங்களுக்குக் கேட்டால் காது டாக்டரைப் பாருங்கள், அதுவும் பிரமை கிடையாது. எப்படியானாலும் சோதனை முடிந்ததும் ஃப்ரிட்ஜ் ஸ்விட்சை மறுபடி போட்டுவிட்டுப் படுங்கள்.